கடைசி சேம்பரின் இரண்டாவது வாய்

உன்னை ‘ஏலே’ என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் வரவில்லை, அதனால் விளிக்காமலே தொடங்குகிறேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பு இதை நீ படித்துவிட வேண்டும். போனில் பேசினால் ‘பெறவு கூப்பிடுதேன்மா’ என்று வைத்துவிடுகிறாய். தனியாக எழுதி அனுப்பினால் படித்துவிட்டு அழித்துவிடுவாய். நான் நாலு பேர் பார்க்க எதையும் செய்யாதவள் என்பது உனக்குத் தெரியும்; கல்யாண வீட்டில்கூடப் பின் வரிசையில் உட்காருகிறவள். அப்படிப்பட்டவள் எல்லோரும் படிக்கிற இடத்தில் இதை எழுதுவதற்குக் காரணம், நான் பொய் சொன்னது நாலு பேர் முன்னால் என்பதுதான். அந்தப் பொய்யை என் வாயில் வைத்தது நீ. பெயர்களை எழுதவில்லை. உன்னுடையதும் என்னுடையதும் பக்கத்து வீட்டாருடையதும் இதில் இருக்காது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் சீசனுக்கு அறை வாடகைக்கு விடுகிற எத்தனையோ வீடுகளில் ஒன்று நம்முடையது. அது போதும்.

உன் இப்போதைய வயதில் நான் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டிருந்தேன். பத்தொன்பதில் கல்யாணம், அதோடு படிப்பு நின்றது. கையில் கிடைத்ததைப் படிக்கிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. நீ கட்டிடப் பொறியியல் சேர்ந்தபோது விடுமுறைக்குக் கொண்டுவந்த புத்தகங்களையும் விடவில்லை. வீட்டுக் கழிவுநீர் எப்படி வெளியேறுகிறது என்று ஒரு பாடம் இருந்தது. அதை நான் கதைபோலப் படித்ததைப் பார்த்து நீ சிரித்தாய். “எம்மா, இதைப் போயி எவனாவது இஷ்டப்பட்டுப் படிப்பானா? நாங்களே பரிச்சைக்கு முந்துன நாளுதான் தொறக்கோம்.” நான் சொன்னேன், “நீங்க படிக்கது மார்க்குக்கு. நான் படிக்கது அடுப்படி நாத்தத்துக்கு.” பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து மாதக்கணக்கில் வாடை வந்துகொண்டிருந்தது. நீ குனிந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டைக் கட்டியவன் பி டிராப்பே வைக்கவில்லை என்றாய். வளைந்த குழாய் ஒன்றை வாங்கிவந்து நீயே மாட்டினாய். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும், அந்தத் தண்ணீர்தான் பூட்டு, கீழேயிருந்து வருகிற கெட்ட காற்று அதைத் தாண்டி வீட்டுக்குள் வராது என்று சொல்லிக்கொடுத்தாய். அன்று சாயங்காலமே வாடை நின்றது. பிள்ளை படித்த படிப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று நான் தெருவில் இரண்டு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

பிறகு வீட்டுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் சீசன் அறைகள் கட்டினோம். உன் முதல் வேலை அது. சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு நீ சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்கள் போல எனக்குச் சந்தோஷமான காலம் அதிகம் இருந்ததில்லை. கக்கூஸிலிருந்து போவது சாயில் பைப், குளிக்கிற தண்ணீரும் பாத்திரத் தண்ணீரும் போவது வேஸ்ட் பைப், இரண்டையும் வீட்டுக்குள் ஒன்றாகக் கலக்கக்கூடாது. குளியலறைத் தரையில் ஓட்டைத் தகட்டுக்குக் கீழே இருப்பது நானி டிராப். வேஸ்ட் பைப் வெளியே வந்து விழுகிற இடத்தில் கல்லி டிராப். மொட்டை மாடிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்பது வென்ட் பைப். அது இல்லையென்றால் ஒரு அறையில் தண்ணீர் ஊற்றும்போது இன்னொரு அறையின் பூட்டுத் தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும். குழாய் திரும்புகிற இடத்திலெல்லாம் ஒரு சேம்பர், அடைத்தால் மூடியைத் திறந்து பார்க்க. கடைசி சேம்பரிலிருந்து செப்டிக் டேங்க். டேங்கில் கசடு அடியில் தங்கித் தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணுக்குள் இறங்கும். “தண்ணிக்கு மட்டம் ஒண்ணுதாம்மா தெரியும். எது தாழ்வோ அங்கனதான் போவும்” என்றாய். இதையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வந்து மீதி எண்ணெயை நம் குளியலறையில் கழுவுகிறவர்களிடம் நானே போய்ச் சொல்வேன்: “ஐயா, சீயக்கா பாக்கெட்ட உள்ள போட்ராதீங்க. எண்ணெயும் பாக்கெட்டும் சேந்தா டிராப் அடைச்சுக்கிடும்.” அவர்கள் என்னை ஏதோ பெரிய வேலையில் இருந்தவள் போலப் பார்ப்பார்கள்.

நம் இடம் மேடு, பக்கத்து அண்ணாச்சியின் நிலம் பள்ளம், நடுவில் வாய்க்கால். வாய்க்காலை ஒட்டி அவர்கள் கிணறு. நம் வீட்டில் குழாய் வருகிற வரைக்கும் சமையலுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தோம். பருப்பு அதில்தான் வேகும். நீ சின்னப் பையனாக இருந்தபோது அவர்கள் வாளியைக் கயிறோடு கிணற்றுக்குள் விட்டுவிட்டு, யாரும் கேட்கும் முன்பே நீயாகப் போய்ச் சொன்னாய். அண்ணாச்சி பாதாளக்கரண்டியைக் கொண்டுவந்து உன்னையே கயிற்றைப் பிடிக்கச் சொல்லி வாளியை எடுத்தார். “பயப்படாம வந்து சொன்னாம் பாரு” என்று அவர் வீட்டு அக்கா என்னிடம் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நான் உன்னை வளர்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. நீ சொல்வதை ஒருமுறைகூட இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்ததில்லை.

அறைகளின் கூரை போட்ட பிறகு அண்ணாச்சியும் அக்காவும் வந்தார்கள். கொத்தனார் நின்றார், உன் அப்பா நின்றார். அண்ணாச்சி தயங்கித் தயங்கித்தான் கேட்டார். “ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க தங்கச்சி. இவ்வளவு ரூமு கெட்டுதீங்க. சீசன்ல சனம் நெறைய வரும். எங்க கெணறு கீழ இருக்கு. இந்தத் தண்ணியெல்லாம் எங்கன போவும்?” நீ மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினாய். டேங்கின் நீளம், ஆழம், உறிஞ்சுகுழி, எல்லாம் நிறம் போட்டு இருந்தது. அவருக்கு அது புரியவில்லை, ஆனால் தலையாட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளையை ஒருவர் சந்தேகிப்பதா? “அண்ணாச்சி, என் மவன் தலையில அடிச்சுச் சொல்லுதேன். ஒரு சொட்டு வெளிய வராது” என்றேன். அக்கா பதறினாள். “ஏட்டி, சத்தியமெல்லாம் எதுக்கு? சபைக்குப் போற எங்களுக்கு அது வழக்கமே இல்ல. நீ சொன்னாப் போதும்.” நான் விடவில்லை. நீ என்னைவிட ஒரு முழம் உயரம். என் கை எட்டவில்லை. நீ சிரித்துக்கொண்டே குனிந்து தலையைக் காட்டினாய். நான் என் கையை அதில் வைத்தேன்.

அடுத்த வருஷம் அவர்கள் கிணறு கெட்டது. முதலில் வாடை, பிறகு மேலே ஒரு படலம். சோறு பொங்கினால் நிறம் மாறுகிறது என்றாள் அக்கா. அண்ணாச்சிக்கு வயிற்றுப்போக்கு வந்து தென்காசி ஆஸ்பத்திரியில் படுத்தார். கிணற்றை இறைத்தார்கள், மறுபடியும் கெட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் மாட்டுத் தொழுவம் இருந்ததால் மூத்திரமும் சாணமும் ஊறுகிறது என்று முடிவு செய்து தொழுவத்தைப் பிரித்தார்கள். அப்படியும் தெளியவில்லை என்றதும் மாடுகளையே விற்றுவிட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது நானும் போய் நின்றேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். “ஒருவேள எங்க பக்கமிருந்து வருதோன்னு பாக்கச் சொல்லட்டுமா?” என்று நான் கேட்டேன். அவள் என்னைக் கோபித்துக்கொண்டாள். “ஏட்டி, போ. நீ புள்ள தலையில அடிச்சுச் சொன்னவ. அதப் போயி சந்தேகப்படுவனா?” அன்று வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்து மாட்டை விற்ற கதையைச் சொன்னேன். “பாவம்மா” என்றாய். நினைவிருக்கிறதா? அப்படித்தான் சொன்னாய்.

நம் செப்டிக் டேங்குக்கு இதுவரை கழிவு உறிஞ்சுகிற லாரியே கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மற்ற வீடுகளில் சீசன் முடியும் முன்பே நிரம்பிவிடும். ‘என் மவன் போட்ட டேங்க் அப்படி’ என்று நான் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். இந்த மாசி கடைசியில், ஐயப்ப சாமிமார் கூட்டமெல்லாம் ஓய்ந்து வாய்க்கால் வறண்ட பிறகு, நம் மதிலுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் சேம்பு ஆள் இடுப்பு உயரத்துக்குத் தழைத்து நின்றது. மற்ற இடமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, இங்கே மட்டும் ஈரம் எப்படி என்று இறங்கிப் பார்த்தேன். சேம்பை விலக்கினால் ஒரு கல். கல்லை நகர்த்தினால் குழாயின் வாய். அது என்ன என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நீதானே சொல்லிக்கொடுத்திருக்கிறாய். ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டுநீலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி அறைக் கக்கூஸில் ஊற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டேன். ஓடிவந்து வாய்க்காலில் நின்றேன். மத்தியான வெயில். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் உனக்காக நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. பிறகு நீலமாக வந்தது.

கம்பியைக் கொடுத்து நெம்பிக் கடைசி சேம்பரின் மூடியைத் திறந்தேன். ஒரு வாய் டேங்குக்கு. இன்னொரு வாய் மதில் பக்கமாக, டேங்கின் வாயைவிடத் தாழ்வாக. எது தாழ்வோ அங்கே போகும் என்று சொன்னவன் நீ. கொத்தனாரை வரவழைத்து டேங்கின் மேல்பலகையையும் திறக்கச் சொன்னேன். மேலே மூடி வரைபடத்தில் இருந்த முழு நீளத்துக்கும் இருந்தது. கீழே குழி அதில் கால்வாசிகூட இல்லை, மீதி பாறை. உறிஞ்சுகுழி என்று நீ காட்டிய இடத்தில் சல்லி கொட்டியிருந்தது. சல்லிக்குக் கீழே வெறும் தரை.

அன்றே உன்னைக் கூப்பிட்டேன். “ஏலே, கடைசி சேம்பர்ல ரெண்டு வாய் இருக்கே. ரெண்டாவது எங்கன போவுது?” என்றேன். “அது ஓவர்ஃப்ளோம்மா. சும்மா ஒரு சேஃப்டிக்கு” என்றாய். “ஓவர்ஃப்ளோன்னா டேங்க் வாய்க்கு மேலல்லா இருக்கணும். இது கீழல்லா இருக்கு.” அதற்கு நீ சொன்ன பதிலைத்தான் இத்தனை நாளாக என்னால் தாண்ட முடியவில்லை. தப்பு என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. “நீ எதுக்கும்மா அதப் போயித் தொறந்த?” என்று கேட்டாய். பிறகுதான் காரணங்கள் வந்தன. தோண்டினால் பாறை. வெடி வைக்க முடியாது. உடைக்க ஆள் வைத்தால் சீசன் போய்விடும். “சீசனுக்கு ரூம் தொறக்கணும்னு நீதான சொன்ன? வாய்க்கால்ல வார தண்ணிக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? அடிச்சிட்டுப் போயிரும்னு நெனச்சேன்.” ஆமாம், சீசனுக்குத் திறக்க வேண்டும் என்று நான் சொன்னேன். பாறை வந்துவிட்டது, பாதி அறைகளை மட்டும் திறப்போம் என்று நீ சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேனா? சாரல் காலத்தில் வாய்க்கால் அடித்துக்கொண்டு போகும், சரி. தண்ணீர் குறைந்த மாதங்களில் அது எங்கே தேங்கி எங்கே இறங்கும் என்று எனக்கே தெரியும்போது உனக்குத் தெரியாமல் இருக்குமா?

சாயங்காலம் உன் அப்பா கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “எனக்குத் தெரியும்” என்றார். “மதிலு கெட்டும்போதே போட்டாச்சு. உங்கிட்ட சொல்லவேண்டாம்னு அவன்தான் சொன்னான். நீ நேரா அண்ணாச்சி வீட்ல போயி ஒளறிருவன்னு.” மதில் கட்டி முடித்த பிறகுதான் அண்ணாச்சி வந்து கேட்டார். நீ தலையைக் குனிந்தபோது அந்தக் குழாய் உனக்குப் பத்தடி பின்னால் மண்ணுக்குள் கிடந்தது.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் அது தெரியும். அதனால் உனக்கு நான் உண்மை என்று நம்பிச் சொல்வது தேவைப்பட்டது. உன் வரைபடத்தை அவர் நம்பவில்லை, உன் அப்பாவை நம்பியிருக்க மாட்டார், என்னை நம்பினார். கிணறு கெட்டதைக்கூட ஒரு வழியாக மன்னித்துவிடுவேன். பாறையைக் கண்டு பயந்துபோன ஒரு சின்னப் பொறியாளனின் கோழைத்தனம் என்று நினைத்துக்கொள்வேன். என்னை அந்தக் குழாய்க்கு மேல் வைத்த கல்லாக நீ பயன்படுத்தியதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. எனக்கு நீ அத்தனை சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஆசையாகச் சொல்லிக்கொடுத்ததா, நாளைக்கு நாலு பேரிடம் நான் விவரமாகப் பேச வேண்டும் என்பதற்காகவா? முன்பு இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்திருக்காது. இப்போது அடுப்படித் தொட்டியின் வளைகுழாயைப் பார்த்தால்கூட வருகிறது.

உனக்கு மனைவியாக வரப்போகிற பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. போனில் பேசும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாள். அவளிடம் உன் வேலையைப் பற்றி நீ நிறையச் சொல்வாய், நீ நன்றாகச் சொல்லுகிறவன். சொல். ஆனால் அவளுக்குத் தெரியாமல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவள் வாயால் அதற்கு நேர்மாறாக ஊரிடம் சொல்லவைக்காதே. அதற்குப் பிறகு அவள் பிறரிடம் எதைச் சொல்லவும் தயங்குவாள். உப்பு இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்டால்கூட, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ‘இருக்கு’ என்பாள். நான் இப்போது அப்படித்தான் இருக்கிறேன்.

“கல்யாணம் முடியட்டும்மா, நான் வந்து சத்தமில்லாம சரி பண்ணிருதேன்” என்றாய். உன் அப்பாவும் அதையே சொன்னார். பெண் வீட்டாரைத் தங்கவைக்க அந்த அறைகள்தான் வேண்டும், இப்போது ஊருக்குத் தெரிந்தால் சம்பந்தம் என்னாவது என்றார். நான் ஒரு வாரம் யோசித்தேன். யோசித்தது தவறு. அந்த ஒரு வாரமும் அக்கா அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பாத்திரம் கழுவினாள்.

ஒரு காலை நான் போனேன். அண்ணாச்சி வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, ஒங்க கெணத்துல கலந்தது எங்க வீட்டுத் தண்ணி” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “போங்க தங்கச்சி. அது எங்க தொழுவத்துத் தண்ணி. அதான் மாட்டக் குடுத்தாச்சுல்லா. ஒரு மழை பெஞ்சாத் தெளிஞ்சிரும்.” எனக்கு ஆறுதல் சொல்லுகிறார். வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குத்தவைத்து உட்கார்ந்து, கையில் இருந்த கம்பால் குழாயின் வாயைத் தட்டிப் பார்த்தார். அக்கா பின்னாலேயே வந்து நின்றாள்.

“தம்பிக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்க்கா.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கே.”

“உங்களுக்கு?”

இருபது வருஷத்துக்கு மேலாக என்னை ‘ஏட்டி’ என்றே கூப்பிட்டவள். தெரியாது என்றேன். வேறு என்ன சொன்னாலும் அதுவும் அன்றைய சத்தியம்போலத்தான் கேட்டிருக்கும். “அன்னைக்கும் நீங்க நம்புத மாதிரிதான் சொன்னீங்க” என்றாள். அண்ணாச்சி எழுந்து கம்பைத் தூக்கிப் போட்டார். “மாட்ட வித்திருக்கவேண்டாம் போல” என்றார். திட்டியிருந்தால் வீட்டுக்கு நடந்து வருவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த இரண்டாவது வாயைச் செங்கல் வைத்துப் பூசி அடைத்தாயிற்று. அறைகளைப் பூட்டிவிட்டேன். சீசனுக்கு இடம் கேட்டுப் போன் செய்கிறவர்களிடம் இந்த வருஷம் இல்லை என்கிறேன். பாறையை உடைக்க ஆட்கள் வருகிறார்கள், உளியும் சம்மட்டியுமாகப் பகலெல்லாம் சத்தம். நீ வரைந்த ஆழம் வரைக்கும் இறங்காமல் நான் விடப்போவதில்லை. பெண் வீட்டார் தென்காசியில் தங்கட்டும். ஏன் என்று கேட்டார்கள், காரணத்தைச் சொன்னேன். உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பது அவருக்குச் சுலபமாகத்தான் வருகிறது.

கிணறு எப்போது தெளியும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மழைக்காலம் ஆகலாம் என்கிறார்கள். அதுவரைக்கும் அக்கா நம் முற்றத்துக் குழாய்க்கு வருகிறாள். நானாகப் போய்த்தான் கேட்டுக்கொண்டேன், முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாள் வந்தாள். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. குடம் நிறைகிற வரைக்கும் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் பக்கத்தில் நிற்பேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கக் கை கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் நீ வருவாய். நீ வேலை பார்க்கிற கொச்சியிலிருந்து வருகிற வண்டி விடிகிற நேரத்தில் உன்னை இறக்கிவிடும். நீ தெருவில் திரும்பும்போது அக்கா குழாயடியில் இருப்பாள். பின்பக்கம் அறைகள் வழியாகவும் வீட்டுக்குள் வர முடியும். அந்தக் கதவை நான் உள்ளே தாழ் போட்டிருக்கிறேன்.